தெற்கு பார்த்து நிறுத்து

முதலில் வண்டியைத் திருப்பு.
தெற்கு பார்த்து நிறுத்து.
படகோனியாவில் காற்று மேற்கிலிருந்துதான் வரும்.
வலப்பக்கம் அறைந்தால்
இடப்பக்கத்து ஸ்டாண்டின் மேல் சாயும், ஸ்டாண்டு தாங்கிக்கொள்ளும்.
வடக்கு பார்த்து நிறுத்திய பிரேசில்காரர்
காபி ஆறுவதற்குள்
கண்ணாடி, கிளட்ச் பிடி, பெட்டி மூடி
மூன்றையும் கட்ட என்னிடம் கம்பி கேட்டார்.

உட்கார். அந்த லாரி டயர் மேல்.
என் பெயர் ஓதில்யா. பஞ்சர் ஒட்டுவேன்.
இந்தா மாத்தே. உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடு.
‘நன்றி’ என்று மட்டும் சொல்லாதே,
சொன்னால் இங்கே ‘போதும்’ என்று அர்த்தம்.

நேற்றும் பஞ்சர்? நீயே மாற்றினாயா, லிசாந்த்ரோ?
ரோசாரியோ பையன்கள் கெட்டிக்காரர்கள்தான்.
ட்யூபை மாற்றினாய்.
டயருக்குள் விரல் விட்டுத் தடவினாயா?
இதோ பார்,
நகக்கண் அளவு வேலிக்கம்பி.
நேற்றைய ஓட்டையும் இதுதான் போட்டது,
இன்றைக்குப் போட்டதும் இதுதான்.
காரணத்தை உள்ளேயே வைத்து மூடிவிட்டு
இருபது கிலோமீட்டர் பாடிக்கொண்டே வந்திருக்கிறாய்.

சிரிக்காதே.
என் முதல் கல்யாணத்தையும் அப்படித்தான் ஒட்டினேன்.

அடுத்த பங்க் நூற்றிருபது கிலோமீட்டர்.
லாரி வந்திருந்தால் பெட்ரோல் இருக்கும்,
வராவிட்டால் பங்க் மட்டும் இருக்கும்.
எதிர்ப்படும் இடத்திலெல்லாம் நிரப்பு.
எதிர்காற்றில் இந்த வண்டி எவ்வளவு குடிக்கும் என்று
செய்த கம்பெனிக்கே தெரியாது.

ஜல்லிக்காகக் காற்றைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன்.
தார் வந்ததும் ஏற்று. பம்பு இருக்கிறதல்லவா?
முன்சக்கரம் ஆடும். ஆடட்டும்.
எழுந்து நின்று ஓட்டு, பிடியை நெரிக்காதே.
பயந்து முன்பிரேக்கைப் பிடித்தவர்களைத்தான்
இங்கே வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

சங்கிலிக்கு எண்ணெய் ராத்திரி போடு,
சூடு ஆறுவதற்கு முன்.
காலையில் போட்டால் பாதி உன் பேண்ட்டுக்கு.

பொழுது சாய்ந்தால் ஓட்டாதே.
குவானக்கோ வேலி தாண்டும்.
ஒன்று தாண்டிவிட்டதென்று மூச்சு விடாதே,
இரண்டாவது புதருக்குப் பின்னால் நிற்கும்,
அவசரமெல்லாம் மூன்றாவதுக்குத்தான்.

என்ன பார்க்கிறாய், அலமாரியையா?
எல்லாம் கனம் தாங்காமல் விட்டுப்போனவை.
மடக்கு நாற்காலி நாலு.
ஓர் இஸ்திரிப் பெட்டி, ஆமாம், நிஜமாகவே.
பாம்புக்கடி மருந்துப் பெட்டி இரண்டு,
இந்தக் குளிரில் எந்தப் பாம்பு வரும்?
ஒவ்வொருவர் பெட்டியிலும் அவரவர் பயம்தான் முதலில் ஏறுகிறது,
காலுறைக்கு இடமில்லாமல் போகிறது.
உன்னுடையதைத் திற.
இந்த ட்ரைபாட் எதற்கு?
மூன்றாவது ஜீன்ஸ்?
மழைக்கோட்டைத் தொடாதே, அது இருக்கட்டும்.
கிளட்ச் ஒயர் உதிரி வைத்திருக்கிறாயே,
அதைப் பழைய ஒயர் பக்கத்திலேயே இப்போதே கட்டிவை.
அறுந்த பிறகு
இரண்டு முனையை மாட்டினால் போதும்.

தெற்கே சாலை எப்படி என்கிறாய்.
நான் போனதில்லை.

வருகிற டயர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
ஓரம் கடிபட்டிருந்தால் கூர்ங்கல்,
நடுவில் தேய்ந்திருந்தால் நீளமான தார்,
ரப்பரில் வெள்ளைத்தூள் ஒட்டியிருந்தால்
உப்பேரி ஓரமாக வந்திருக்கிறார்கள்.
முப்பத்தொரு வருஷம் இப்படித் தடவித் தடவி
அங்கே எந்த வளைவில் வண்டி சறுக்கும் என்று
விரலுக்குத் தெரியும்.
கண்ணுக்குத்தான் தெரியாது.

தார்ப்பாய்க்குக் கீழே இருப்பதா? என் ஸனெல்லா.
ஓடும்.
அதையும் தெற்கு பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறேன்,
காற்றுக்காக.

ஒரு பஞ்சருக்குக் காசு கொடு.
இன்னொன்று அந்தக் கம்பியின் கணக்கு.
அடுப்போரம் உன் கையுறை காய்கிறது, மறந்துவிடாதே,
இங்கே ஏற்கெனவே ஒன்பது ஜோடி.

இன்னொரு வாய் குடிக்கிறாயா?

வேண்டாமா. சரி,
இப்போது நன்றி சொல்.